நிறுவ வேண்டிய இடம்

எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்டுவிட்டுத் திரை நிற்கிறது. பதில் சொல்ல வேண்டியவள் நான். என் முதுகுக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார் சந்தானகோபாலன், எங்கள் கம்ப்யூட்டர் பிரிவின் மேலாளர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாயில் போட்ட ஏலக்காயை இன்னும் மென்றுகொண்டு. திரும்பிப் பார்க்காமலே தெரிகிறது, முன்னால் குனிந்திருக்கிறார், முழங்கைகள் தொடையில் இருக்கின்றன, மூச்சு என் வலது தோளில் படுகிறது. தோளை அரை அங்குலம் நகர்த்துகிறேன், மூச்சும் கூடவே நகர்கிறது. இந்த அறை முழுக்க ஏசி, சர்வர்கள் சூடாகக் கூடாதென்று எங்களைக் குளிரில் உட்கார வைத்திருக்கிறார்கள், இந்தக் குளிரில் ஒரு மனிதனின் மூச்சு மட்டும் வெதுவெதுப்பாக வந்து விழுவது எவ்வளவு அருவருப்பு. கீழ்த்தளத்தில் ரத்தம் எடுக்கிறார்கள், முதல் தளத்தில் மெஷின்கள் ரத்தத்தை எண்ணாக மாற்றுகின்றன, இரண்டாம் தளத்தில் நாங்கள் அந்த எண்ணை நோயாளியின் தாளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். திருச்சியில் இத்தனை லேப் இருக்கும்போது நான் ஏன் இந்த லேபில் வந்து மாட்டினேன். கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைச் செய்யும் சாஃப்ட்வேர் பேக்கேஜைத்தான் இப்போது புது சர்வரில் ஏற்ற வேண்டும், சாயங்கால சாம்பிள்கள் வருவதற்குள். "என்ன யோசனை ஜெசிந்தா, போடுங்க," என்கிறது மூச்சு. அப்புறம் ஒரு விரல் என் காதைத் தாண்டி நீண்டு திரையைத் தொடுகிறது, காலையில் நான் துடைத்த திரை, விரல் எடுத்த பிறகும் அங்கே எண்ணெய் வட்டம் ஒன்று நிற்கிறது, சாம்பார் வடை சாப்பிட்ட விரல்.

போடுங்க. எதையோ தட்டில் போடுவதுபோல. எங்கள் சர்வர் ஓடும் லினக்ஸ் சிஸ்டத்தில் எல்லா ஃபைலும் ஒரே மரத்தில்தான் தொங்குகின்றன, ஆனால் எந்தக் கிளை யாருடையது என்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு, அது யாரோ பொழுதுபோகாமல் எழுதி வைத்த ஒழுங்கு இல்லை. யூசர் என்ற கிளை சிஸ்டத்தின் சொந்த இடம். சிஸ்டத்துக்கு அப்டேட் வரும்போது அது யாரையும் கேட்காமல் அங்கே நுழையும், பழையதை எடுக்கும், புதியதை வைக்கும், அது அதன் உரிமை. நாமே உட்கார்ந்து தயாரித்துக்கொண்ட சின்னச் சின்ன கருவிகளுக்கு அதன் உள்ளேயே லோக்கல் என்று ஒரு இடம். வெளியிலிருந்து முழுசாக வாங்கி வரும் பேக்கேஜுக்கு ஆப்ட் என்று தனிக் கிளை, அங்கே அதன் பெயரில் ஒரு ஃபோல்டர், அதன் சாமான் எல்லாம் அதற்குள்ளேயே. அங்கே இருப்பதை நம் சம்மதம் இல்லாமல் அப்டேட் தொடாது, தொடக் கூடாது. இவ்வளவுதான். சமையல்கட்டில் யார் டப்பா எந்தத் தட்டில் என்பதற்கு வீட்டில் நாள்கணக்கில் சண்டை போடுகிறவர்களுக்கு இது ஏன் புரியாது. புரியும். இந்த ஆளுக்கு நன்றாகப் புரியும். புரியாத ஆள் என்றால் கோபம் வராது, பொறுமையாகச் சொல்லியிருப்பேன், வருத்தமாகக்கூட இருந்திருக்கும். "பழையபடி யூசர் லிப்லயே போட்டுடுங்க," என்கிறார். லிப் என்பது சிஸ்டத்தின் பொது லைப்ரரிகள் இருக்கும் ஃபோல்டர், எல்லா புரோகிராமும் வந்து எடுத்துப் போகும் இடம். "அங்க போட்டாத்தான் பேக்கப்புக்கு வசதி. எல்லாம் ஒரே இடத்துல இருக்கணும், என்ன."

எல்லாம் ஒரே இடத்துல இருக்கணும். என் விரல்கள் கீபோர்டின் மேல் நின்றுவிடுகின்றன. இந்த வாக்கியத்தை நான் கேட்டிருக்கிறேன், இந்தக் குரலில் இல்லை, வேறு குரலில், போனில், தூத்துக்குடியில், அப்பாவின் இடுப்பு ஆபரேஷனுக்காக லீவு போட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது. இம்தியாஸ் பேசினான். எனக்குப் பக்கத்து நாற்காலி அவனுடையது, நாலு வருஷமாகப் பக்கத்து நாற்காலி, ஹெட்போனில் கவ்வாலிப் பாட்டு கேட்டுக்கொண்டு வேலை செய்கிறவன், கோபம் வந்தால் குரல் இறங்கும் ஆள். அக்கா, நான் ஆப்ட்லதான் போடணும்னு சொன்னேன்க்கா, சார் கேக்கல, எல்லாம் ஒரே இடத்துல இருக்கணும், என்னன்னு சொல்லிட்டார், என்றான். அந்த 'என்ன'வை அவர் சொல்வதுபோலவே இழுத்துச் சொன்னான். நான் நம்பினேன். ஆனால் நம்புவது வேறு, காதால் கேட்பது வேறு என்பது இப்போது தெரிகிறது, நான் அவனை நம்பியதில் ஒரு ஓரம் காலியாகவே இருந்திருக்கிறது, அது இந்த நிமிஷம் நிரம்புகிறது, நிரம்பும்போது கழுத்தின் பின்பக்கம் சூடாகிறது. அந்த 'என்ன' உட்பட. ஒரு எழுத்து மாறவில்லை. லீவு முடிந்து வந்தபோது பக்கத்து நாற்காலி காலி, மேஜையில் அவன் டம்ளரின் வட்டம் மட்டும் இருந்தது. கவனக்குறைவாம். பேக்கேஜைத் தவறான இடத்தில் நிறுவிவிட்டானாம். வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம். எனக்கு அதைச் சொன்னது இதே ஏலக்காய் வாய்தான், திறமையான பையன்தான், ஆனா சொல் பேச்சு கேக்கறதில்ல, என்று தலையை ஆட்டி ஆட்டி.

பாப்பாத்தியம்மாளை நான் பார்த்ததில்லை. மணச்சநல்லூரில் இட்லிக்கடை வைத்திருந்தவர், சிறுநீரகம் கெட்டுப்போனவர், வாராவாரம் ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க எங்கள் லேபுக்கு வந்துகொண்டிருந்தவர். சிஸ்டத்துக்கு ஒரு அப்டேட் வந்தது, லிப்பில் எங்கள் பேக்கேஜ் வைத்திருந்த லைப்ரரியின் பெயரிலேயே அதுவும் ஒன்று வைத்திருந்தது, தன்னுடையது என்று நினைத்து எங்களுடையதை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்தது. எதுவும் நின்றுபோகவில்லை. நின்றுபோயிருந்தால் நல்லது, யாராவது ஓடிவந்திருப்பார்கள். எல்லாம் ஓடிக்கொண்டே இருந்தது, எண்கள் தாள்களுக்குப் போய்க்கொண்டே இருந்தன, புள்ளிக்குப் பிறகு வரும் எண் மட்டும் விழுந்துபோனது. ஐந்து புள்ளி ஒன்பது என்பது வெறும் ஐந்து ஆனது. பொட்டாசியம் ஆறை நெருங்கினால் இதயத்துக்கு ஆபத்து, ஐந்து என்றால் பயமில்லை, வீட்டுக்குப் போங்கம்மா, அடுத்த வாரம் வாங்க. போனார். கடையில் மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது விழுந்தார். இதயத்தைத் திரும்ப ஓட வைத்தார்கள், ஆனால் எழுந்த பாப்பாத்தியம்மாளுக்குத் தன் மகன் பெயர் சில நாள் நினைவிருக்கிறது, சில நாள் இல்லை. அந்த மகன் கீழே ரத்தம் எடுக்கும் கவுன்ட்டரில் வந்து நின்றாராம், கத்தவில்லையாம், யாரு சார் செஞ்சது என்று மட்டும் கேட்டாராம். இம்தியாஸைக் காட்டினார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் அந்தக் கவுன்ட்டரில் போய்ச் சிக்கிக்கொள்கிறது, யார் காட்டியது, கையை நீட்டிக் காட்டினார்களா, பெயர் சொன்னார்களா, அந்த மகன் இம்தியாஸின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தார். அந்த நேரத்தில் இந்த ஆள் எங்கே நின்றார். பின்னால் நின்றிருப்பார். எப்போதும் பின்னால்தான், ஒருவர் நாற்காலிக்குப் பின்னால், ஒருவர் தோளுக்குப் பின்னால், விரல் மட்டும் முன்னால் வரும்.

"டைம் ஆகுது ஜெசிந்தா." தெரியும். ஆகட்டும். நீ சொல்லித்தான் எனக்கு நேரம் ஆக வேண்டுமா. இதை வாயால் சொல்லவில்லை, சொல்லத் தைரியம் இருந்தால் நான் ஏன் இப்படி மனசுக்குள்ளேயே கருவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் கணவர் வில்சனிடம் நேற்று சொன்னேன், நாளைக்குப் புது சர்வர், அந்த ஆள் பக்கத்தில் உட்காரப்போகிறான் என்று. அவர் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை, சொன்ன இடத்துல போட்டுட்டு வா, உனக்கென்ன, உன் வீட்டுச் சொத்தா என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் இத்தனை லிப்களில் இத்தனை கண்டதும் வந்து சேர்ந்திருக்கிறது. போட்டுவிட்டுப் போகலாம். அப்டேட்டே வராமல் நிறுத்தி வைக்கலாம், பாப்பாத்தியம்மாள் விழுந்த பிறகு பழைய சர்வரில் அப்படித்தான் செய்தார்கள், வாசல் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு உள்ளே பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டார்கள். ஆனால் ஒரு நாள் யாராவது திறப்பார்கள். நான் லீவில் இருக்கும் நாளாக இருக்கும். அன்றைக்கு வேறு ஒரு அம்மாள், வேறு ஒரு ஊர், வேறு ஒரு மகன், கவுன்ட்டரில் விரல் என்னை நோக்கி நீளும். எனக்கு வேலை வேண்டும், வேறு இடத்தில் நாற்பது வயதுக்காரியை எடுக்கமாட்டார்கள், இருபத்தைந்து வயது ஆட்கள் பாதி தூக்கத்தில் இதைவிட வேகமாகத் தட்டுகிறார்கள். சரி, இன்னொரு கேள்வி, இதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும், இந்த ஆள் ஆப்டில் போடுங்க என்று சொல்லியிருந்தால் நான் யூசருக்காகச் சண்டை போட்டிருப்பேனா. வெறுப்புக்குக் கண் தெரியாது, அது எதிர்ப்பக்கத்தைச் சரி என்று நினைக்கும். யோசிக்கிறேன். லோக்கலில் போடலாம், அதையும் அப்டேட் தொடாது, அது அரைவழி சமாதானம், யூசருக்குள்ளேயே இருக்கிறது சார், நீங்கள் சொன்னதுபோலத்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அங்கே ஏற்கனவே எங்கள் கருவிகள் நாற்பது ஐம்பது கலந்து கிடக்கின்றன, இந்தப் பேக்கேஜின் நூற்றுக்கணக்கான ஃபைல்கள் அதற்குள் சிதறினால் நாளைக்கு எது யாருடையது என்று யாராலும் பிரிக்க முடியாது. கம்பெனிக்காரர்கள் கொடுக்கும்போதே ஆப்டுக்கு என்றுதான் கட்டிக் கொடுக்கிறார்கள். இல்லை. வெறுப்பு இருக்கிறது, நிறைய இருக்கிறது, ஆனால் பதில் வெறுப்பிலிருந்து வரவில்லை. வெறுப்பு அதைத் தட்டச்சு செய்யப் போதுமான சூட்டை மட்டும்தான் கொடுக்கிறது.

"சார், ஆப்ட்லதான் போடணும்," என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. நாற்காலி பின்னால் கிறீச்சிட்டது. "ஏன், பழைய இடத்துல ஒழுங்காத்தானே ஓடிட்டிருக்கு." "ஓடல சார். பாப்பாத்தியம்மா விஷயம் அங்கதான் ஆச்சு." "அது இம்தியாஸ் ஒழுங்கா பாக்காததால ஆச்சு. இடத்தால இல்ல." "இடத்தாலதான்னு சொல்லித்தானே சார் அவர அனுப்பினீங்க. தப்பான இடத்துல போட்டார்னு." ஏலக்காய் மெல்வது நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன், இன்று முதல்முறையாக. பயந்துபோன முகம். மூக்கின் இரண்டு பக்கமும் வியர்வை, இந்தக் குளிரில். "பாருங்க, இப்ப இடத்த மாத்தினா ஏன் மாத்தினீங்கன்னு கேப்பாங்க," என்றார், குரலைத் தாழ்த்தி, எனக்கு நல்லது சொல்கிறவர்போல. "தேவையில்லாத கேள்வி வரும். எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சுட்டா யாரும் கேக்க மாட்டாங்க." அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது, அவருக்கு பேக்கப் ஒரு பொருட்டே இல்லை, ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அந்த இடம் தவறு என்று அவனை அனுப்பிவிட்டு, அதே இடத்தில்தான் திரும்பவும் ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறார். மாற்றினால் யாராவது கேட்பார்கள், அப்படியென்றால் இத்தனை நாள் ஏன் அங்கேயே வைத்திருந்தீர்கள், முதலில் அங்கே வைக்கச் சொன்னது யார் என்று. ஒரு கேள்வி வராமல் இருக்க, நூறு பேரின் ரத்தத்தை அந்த லிப்பில் கொண்டுபோய் வைக்கத் தயாராக இருக்கிறார். எனக்கு அந்த வியர்வையைப் பார்த்து இரக்கம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இன்னும் அருவருப்பாகத்தான் இருந்தது. பயந்த மனிதன் இவ்வளவு கெடுதல் செய்ய முடியும் என்றால் கெட்டவனே தேவையில்லை.

கீபோர்டுப் பக்கம் திரும்பி ஆப்ட் என்று அடித்தேன், அதற்குப் பிறகு பேக்கேஜின் பெயரை அடித்தேன், என்டரை அழுத்தினேன். இதற்கு அனுமதி கேட்கவில்லை. ஃபைல்கள் வரிசையாக இறங்க ஆரம்பித்தன, வரிகள் திரையில் மேலே மேலே ஏறிப் போயின. அவர் என் கையைப் பிடிப்பார் என்று ஒரு கணம் நினைத்தேன், பிடிக்கவில்லை. எழுந்து நின்றார், பேன்ட்டை இழுத்துச் சரி செய்தார், மறுபடி மெல்லத் தொடங்கினார். அந்த ஆளின் மூளை வேலை செய்வது எனக்குக் கேட்டது, வேறு வழியில்லை என்றதும் எவ்வளவு சீக்கிரம் வேறு வழியைக் கண்டுபிடிக்கிறார்கள் இப்படிப்பட்டவர்கள். "சரி, போட்டது போட்டாச்சு. யாராவது கேட்டா இது என் முடிவுன்னு சொல்லுங்க. புது சர்வர்ல பாதுகாப்பா இருக்கட்டும்னு நான்தான் மாத்தச் சொன்னேன்னு. உங்களுக்கும் பிரச்சனை இல்ல." நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பல் ஒன்றோடொன்று அரைபடுவது காதுக்குள் கேட்டது. அவ்வளவுதானா. நான் ஜெயித்துவிட்டேன், அதனால் அவர் ஜெயித்துவிட்டார். தப்பான இடத்தில் வைத்தவன் இம்தியாஸ், சரியான இடத்துக்கு மாற்றியவர் சந்தானகோபாலன், இனி எவ்வளவு காலம் ஆனாலும் இப்படித்தான் இருக்கும், கூட்டங்களில் சொல்வார், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வார், தலையை ஆட்டி ஆட்டி. பேக்கேஜ் பத்திரமாகிவிட்டது, அவன் மட்டும் வெளியே நிற்கிறான். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கதவு திறந்தது. டாக்டர் இந்திராணி, லேபின் தலைமை டாக்டர், எல்லா ரிசல்ட்டிலும் கடைசிக் கையெழுத்து அவருடையது. வெள்ளைக் கோட்டுக்கு மேல் சால்வை போட்டிருந்தார், இந்த அறைக்கு வரும்போது மட்டும் போடுவார். "சாம்பிள் வர ஆரம்பிச்சிடுச்சு. ரெடியா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் போனது. "ரெடி டாக்டர். இந்தத் தடவை சிஸ்டத்தோட கலக்காம தனி இடத்துல போடச் சொல்லிட்டேன். இனிமே அப்டேட் வந்தாலும் ஒண்ணும் ஆகாது." டாக்டர் தலையசைத்தார். "நல்லது. யார் சொன்னது இந்த யோசனை?" "நான்தான் டாக்டர்." நான் எழுந்து நிற்கவில்லை, உட்கார்ந்தபடியே நாற்காலியைத் திருப்பினேன். "ஆமா டாக்டர், சார் முடிவுதான்," என்றேன். "போன தடவை சிஸ்டத்தோட கலந்து போடச் சொன்னதும் சார் முடிவுதான். இம்தியாஸ் அப்பவே தனியா போடணும்னு சொன்னார்." குரல் இந்தத் தடவை சின்னதாக இல்லை, பெரியதாகவும் இல்லை, யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோல் இருந்தது. "டாக்டர், இவங்க அப்ப லீவுல இருந்தாங்க, இவங்களுக்கு என்ன தெரியும்," என்றார் சந்தானகோபாலன், சிரித்துக்கொண்டே. டாக்டர் சிரிக்கவில்லை. "அவங்களுக்குத் தெரியாம இருக்கலாம். நான் உங்களக் கேக்கறேன். அவர் அப்படிச் சொன்னாரா இல்லையா." "அது... பல பேச்சு வரும் டாக்டர், யார் என்ன சொன்னாங்கன்னு..." "சொன்னாரா இல்லையா." அவர் கர்ச்சீஃபை எடுத்து மூக்கைத் துடைத்தார். பதில் சொல்லாமல் இருந்ததை டாக்டர் நன்றாகவே கேட்டார், சால்வையை இன்னொரு தோளுக்கு மாற்றினார். "அந்த அம்மா தாள்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் சார். அதுக்கப்புறம் ஒரு ஆள வெளியே அனுப்பற பேப்பர்லயும் போட்டிருக்கேன். நீங்க என் ரூமுக்குப் போய் உக்காருங்க, வரேன்."

அவர் போனார். வெற்றி என்று ஒன்று வரும் என்று காத்திருந்தேன், பழிதீர்ந்த சுகம், நாலு மாதமாக மனசுக்குள் ஊறப்போட்டு வைத்தது. வரவில்லை. அவருடைய நாற்காலி என் முதுகுக்குப் பின்னால் காலியாக இருந்தது, அதுவே என்னை அச்சுறுத்தியது, நாளைக்கு அந்த நாற்காலியில் யார், என் நாற்காலியில் யார் என்று மனம் அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. டாக்டர்மேலும் கோபம் வந்தது, இவ்வளவு எளிதாகக் கேட்கத் தெரிந்தவர் அப்போதே ஏன் கேட்கவில்லை. அதைச் சொல்லிவிடலாமா என்று நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் சொல்லப்போவது ஏற்கனவே தெரிந்தவர்போல. "இம்தியாஸ் நம்பர் இருக்கா உங்ககிட்ட," என்றார். இருக்கு டாக்டர், என்றேன். "நீங்களே போடுங்க. நான் போட்டா எடுக்க மாட்டார்." போட்டேன். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க மாட்டான் என்று தோன்றியது, அவன் எடுக்காமல் இருந்தால் அது நியாயம்தான் என்றும் தோன்றியது. லேப் நேரத்தில் என் பெயரைப் பார்த்ததும் அவனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. எடுத்தான். மூச்சு வாங்கியது, எங்கிருந்தோ ஓடி வந்து எடுத்தவன்போல. "அக்கா," என்றான், குரல் இறங்கியிருந்தது. "மறுபடியும் யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"